மாறுகண் ஆபரேஷனும் ஆழம் தெரிவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு இடது கண் சின்ன வயதிலிருந்தே வெளிப்பக்கம் விலகும். எப்போதும் இல்லை. அசதியாக இருந்தால், வெயிலில் நின்றால், எதையாவது யோசித்துக்கொண்டிருந்தால் அது பாட்டுக்குக் காதுப் பக்கம் போய்விடும். 36 வயதில் ஆபரேஷன் செய்துகொண்டேன், மூன்று வருடம் ஆகிறது. சேலம் செவ்வாய்பேட்டையில் எங்களுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. கொலுசு வேலை செய்கிறவன் கண்ணில் கத்தி வைத்துக்கொண்டான் என்றால் தெருவில் யார் சும்மா இருப்பார்கள்? கடைக்காரர், சித்தப்பா, பள்ளிக்கூட நண்பன், குழந்தைக்கு மாறுகண் என்று யாரோ சொல்லி வந்த முன்பின் தெரியாத அம்மா என்று ஆள் மாற்றி ஆள் கேட்டதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் கண்ணைப் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

ஆபரேஷன் செய்தால் எல்லாரையும் போல ஆழம் தெரிய ஆரம்பித்துவிடுமா?

கண் நேராகும். ஆழம் தெரிவது, அதாவது எது பக்கம் எது தூரம் என்று கண்ணுக்குப் புரிவது, வேறு கணக்கு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் ஆபரேஷனுக்குப் பிறகு ஏமாந்துபோனதாக நினைக்கிறார்கள்.

நம் இரண்டு கண்ணுக்கும் நடுவே ஏறத்தாழ 6 செ.மீ. இடைவெளி இருக்கிறது. அதனால் வலது கண் பார்ப்பதும் இடது கண் பார்ப்பதும் கொஞ்சம் வித்தியாசப்படும். மூக்குக்கு நேராக விரலை நிறுத்தி ஒரு கண், மறு கண் என்று மாற்றி மாற்றி மூடினால் விரல் தாவுவது தெரியும். அந்தத் தாவலைக் கணக்குப் போட்டுத்தான் மூளை 'இது பக்கம், அது தூரம்' என்று சொல்கிறது. இதை முதலில் தெளிவாகக் காட்டியவர் சார்லஸ் வீட்ஸ்டோன் என்ற ஆங்கிலேயர். ஒரே பொருளை இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக வரைந்து, கண்ணாடி வைத்து ஒன்றாகப் பார்க்க வைத்தார். தட்டையான கோடுகள் புடைத்துக்கொண்டு நின்றன. 1838இல் இதை எழுதி வெளியிட்டார்.

சின்ன வயதிலிருந்தே ஒரு கண் வேறெங்கோ பார்த்தால் இரண்டு படமும் ஒட்டாது. எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தால் குழந்தை எப்படி நடக்கும்? அதனால் மூளை ஒரு கண் அனுப்புவதை அமுக்கிவிடுகிறது. டாக்டர் கண்ணை நேராக வைக்கலாம், ஆனால் அந்த அமுக்கலை விடுவது மூளையின் கையில் இருக்கிறது. சிலருக்கு விடும், சிலருக்குப் பாதி விடும், சிலருக்கு விடவே விடாது. கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே நிரந்தரமாகக் கண் திரும்பியிருந்து, பெரியவரான பிறகு ஆபரேஷன் செய்பவர்களுக்கு வாய்ப்பு குறைவு. என்னைப் போல அவ்வப்போது மட்டும் விலகுகிறவர்களுக்கும், நடுவயதில் மாறுகண் வந்தவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். முன்பே பழகிய வேலையை மூளை மறுபடி எடுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

ஆழம் தெரியாமலா இத்தனை வருஷம் வண்டி ஓட்டினாய், கொலுசு பற்றவைத்தாய்?

இரண்டு கண் கணக்கு ஒன்றுதான் ஆழத்துக்கு வழி என்றில்லை. முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கும். தூரத்து லாரி சின்னதாகத் தெரியும். நிழல் விழும் இடம் ஒரு சேதி சொல்லும். தலையை அசைத்தால் பக்கத்தில் இருப்பது வேகமாகவும் தூரத்தில் இருப்பது மெதுவாகவும் நகரும். இதற்கெல்லாம் ஒரு கண் போதும். ரொம்ப தூரத்தில் இருப்பதற்கு இரண்டு கண் இருந்தும் பெரிய லாபம் கிடையாது, அங்கே எல்லாரும் இந்தக் குறிப்புகளை வைத்துத்தான் ஓட்டுகிறார்கள்.

சிக்கல் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்தான். ஊசியில் நூல் கோர்ப்பது, டம்ளரில் டீ ஊற்றுவது, பந்து பிடிப்பது. பட்டறையில் இரண்டு கண்ணியின் இணைப்பில் வெங்காரம் தடவி, கொறட்டின் நுனியால் எள்ளில் பாதி இருக்கும் பற்று வெள்ளியை அதன் மேல் வைக்க வேண்டும். மற்றவர்கள் நேராகக் கொண்டுபோய் வைப்பார்கள். நான் கொறட்டு நுனியால் முதலில் வளையத்தைத் தொட்டு, அங்கிருந்து நகர்த்தி நகர்த்திக் கொண்டுபோவேன். தொட்டுப் பார்த்துத்தான் தூரம் தெரியும். எல்லாரும் அப்படித்தான் வைக்கிறார்கள் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 'நீ என்னடா குருடன் சுவரைத் தடவற மாதிரி தடவறே' என்று அப்பா ஒருநாள் சொன்னபோதுதான் அது என் பழக்கம் மட்டும் என்று தெரிந்தது.

எட்டு வயதுக்கு மேல் பிரயோஜனம் இல்லை, அழகுக்குத்தான் செய்யலாம் என்கிறார்களே?

எனக்கும் 19 வயதில் ஒரு ஆஸ்பத்திரியில் இதையே சொன்னார்கள். பேரைச் சொல்ல விரும்பவில்லை. அதை நம்பி 17 வருடத்தைக் கடத்திவிட்டேன், அந்தக் கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

அவர்கள் சொன்னதற்கு அடிப்படை இல்லாமல் இல்லை. ஹியூபெல், வீசல் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை ஆரம்ப வாரங்களில் மூடிவைத்துப் பார்த்தார்கள். பிறகு திறந்துவிட்டாலும் மூளை அந்தக் கண்ணுக்குச் சரியாக இடம் கொடுக்கவில்லை. பார்வைக்கு என்று ஒரு பருவம் இருக்கிறது, அது தாண்டினால் கஷ்டம் என்பது அதிலிருந்து வந்த பாடம். 1981இல் நோபல் பரிசில் அவர்களுக்குப் பங்கு கிடைத்தது. ஆனால் 'கஷ்டம்' என்பதை 'முடியவே முடியாது' என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் சூசன் பேரி என்ற நரம்பியல் பேராசிரியைக்குக் கைக்குழந்தையிலிருந்தே மாறுகண், சின்ன வயதில் மூன்று ஆபரேஷன். கண் நேரானது, ஆழம் வரவில்லை. 48 வயதில் பார்வைப் பயிற்சி எடுத்த பிறகு முப்பரிமாணமாகத் தெரிய ஆரம்பித்தது. இது எல்லாருக்கும் நடக்கும் என்று நான் சொல்லவில்லை. நடந்திருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

இன்னொன்று, 'அழகுக்கு' என்ற வார்த்தையே எனக்குப் பிடிக்காது. எதிரில் பேசுகிறவர் 'யாரைப் பார்த்துப் பேசறே?' என்று திரும்பிப் பின்னால் பார்ப்பது 30 வருடம் நடந்தால் தெரியும் அது அழகு சம்பந்தப்பட்டதா இல்லையா என்று.

கண்ணை வெளியே எடுத்து வைத்துவிட்டுச் செய்வார்களாமே?

இல்லவே இல்லை. கண் அதன் இடத்திலேயே இருக்கும். ஒவ்வொரு கண்ணையும் அசைக்க ஆறு தசைகள் உண்டு, அவை கண்ணின் வெள்ளைப் பகுதியின் மேல் ஒட்டியிருக்கும். மேலே இருக்கும் மெல்லிய தோலைத் திறந்து, இழுக்கும் தசையைக் கழற்றிக் கொஞ்சம் பின்னால் தைத்தால் அதன் பலம் குறையும். எதிர்த் தசையைக் கொஞ்சம் வெட்டிச் சுருக்கித் தைத்தால் பலம் கூடும். எனக்கு இரண்டும் ஒரே கண்ணில். எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு, கண்ணுக்குள் போகவே மாட்டார்கள். தையல் சில வாரங்களில் தானாகக் கரைந்துவிடும்.

எனக்கு முழு மயக்கம் கொடுத்தார்கள், காலையில் போய் சாயந்திரம் வீட்டுக்கு வந்துவிட்டேன். தசையை இழுக்கும்போது சிலருக்கு இதயத் துடிப்பு குறையும், அதனால் மயக்க டாக்டர் மானிட்டரை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். குழந்தைகளுக்கு அன்றைக்கு வாந்தி வருவது சகஜம், மாற்றுச் சட்டை இரண்டு எடுத்துப் போங்கள்.

முதல் சில நாட்கள் எப்படி இருக்கும்?

கண்ணில் குங்குமத்தைக் கொட்டின மாதிரி சிவந்திருக்கும். மணல் விழுந்த மாதிரி உறுத்தும், பக்கவாட்டில் பார்த்தால் சுருக்கென்று இழுக்கும். காலையில் இமை ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ச்சி ஆறவைத்த நீரில் நனைத்த சுத்தமான பஞ்சால் துடைக்கலாம். சிவப்பு போக மூன்று, நான்கு வாரம் ஆகும், தையல் போட்ட மூலையில் இளஞ்சிவப்பு இன்னும் கொஞ்ச நாள் நிற்கும்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை மறந்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்குக் கண்ணுக்குள் தண்ணீரே போகக் கூடாது என்றார்கள், குளம் குட்டை நீச்சலுக்கு அதற்கும் மேலே காத்திருக்க வேண்டும். அப்புறம் நந்தியாவட்டைப் பூ, தாய்ப்பால், விளக்கெண்ணெய் என்று யாராவது வீட்டுக்கு வருவார்கள். அன்பாகக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள். எழுதிக்கொடுத்த சொட்டு மருந்து மட்டும்தான்.

வலி குறையாமல் நாளுக்கு நாள் ஏறினால், பார்வை மங்கினால், சீழ் வந்தால், இமை வீங்கிக்கொண்டே போனால், கண் ஒரு பக்கம் திரும்பவே மறுத்தால், அடுத்த செக்கப் தேதி வரட்டும் என்று உட்காராதீர்கள். அன்றைக்கே போங்கள்.

எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. ஆபரேஷன் கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் இல்லை. வெளியே விலகும் கண்ணைப் பல டாக்டர்கள் வேண்டுமென்றே ஒரு துளி அதிகமாக உள்ளே கொண்டுவந்து வைப்பார்கள், ஏனென்றால் அது மெல்ல மெல்ல வெளியே நகரப் பார்க்கும். அதனால் முதல் நாட்களில் இரட்டையாகத் தெரியும். எனக்கு 12 நாள் இருந்தது. வாசல் இரண்டு, டிவி இரண்டு, மாமியார் இரண்டு. கடைசியைச் சொல்லி வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதோடு கை தப்பும். டபராவிலிருந்து ஊற்றிய காபி டம்ளருக்கு ஒரு விரல் தள்ளி மேசையில் விழுந்தது. தாழ்ப்பாளைப் பிடிக்கப் போய் கதவைக் குத்தினேன். கண் இருக்கும் கோணம் மாறிவிட்டது, கைக்குப் போகும் கணக்கு பழையதாகவே இருக்கிறது. சில நாளில் ஒத்துக்கொள்ளும். அவசரத்துக்கு ஒரு கண்ணைப் பொத்திக்கொள்ளலாம், நாள் முழுக்க மூடி வைத்தால் இரண்டு கண்ணும் சேர்ந்து பழக வாய்ப்பே இருக்காது என்று எனக்குச் சொன்னார்கள். ஒரு மாதம் தாண்டியும் இரட்டை போகவில்லை என்றால் பிரிசம் வைத்த கண்ணாடி மாதிரி வழிகள் இருக்கின்றன, கேளுங்கள்.

ஏற்காடு ஏறினால் கண்ணில் பிரஷர் ஏறும் என்கிறார்கள். எப்போது போகலாம்?

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். விழித்திரை ஆபரேஷனில் சிலருக்குக் கண்ணுக்குள் வாயு நிரப்புவார்கள். உயரம் போகப் போக வெளியே காற்றழுத்தம் குறையும், உள்ளே இருக்கும் வாயு விரியும், கண்ணின் அழுத்தம் ஏறும். அவர்கள் அந்த வாயு கரையும்வரை மலை ஏறக் கூடாது, விமானத்திலும் போகக் கூடாது. மாறுகண் ஆபரேஷனில் கண்ணுக்குள் வாயு எதுவும் வைப்பதில்லை. ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரம், அந்த உயரம் நம்மை ஒன்றும் செய்யாது. பின்சீட்டில் உட்கார்ந்து போக எனக்கு இரண்டாவது வாரமே சரி என்றார்கள். 20 கொண்டை ஊசி வளைவிலும் கண்ணை மூடிக்கொண்டுதான் போனேன், ஆனால் அது வாந்திக்காக.

ஓட்டிக்கொண்டு போவது?

இரட்டையாகத் தெரியும்வரை தெருமுனைக்குக்கூட ஓட்டாதீர்கள். அது போன பிறகும் சேலம் ஐந்து ரோடு சந்திப்பு மாதிரி ஊருக்குள் பகலில் ஒரு மாதம் ஓட்டிப் பழகிவிட்டு மலைப் பாதையை யோசியுங்கள்.

என்னிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கண் வெளியே விலகியவர்களுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் அகலமாகத் தெரிந்துகொண்டிருக்கும். எனக்கு நேரே பார்த்தபடியே இடப்பக்கம் வருகிற வண்டியின் நிழலாட்டம் தெரியும். கண் நேரானதும் அந்த ஓரம் காணாமல் போய்விட்டது. சைக்கிளில் வந்த பையன் ஒருவனைக் கடைசி நொடியில்தான் பார்த்தேன். அதற்கப்புறம்தான் பைக்கில் பெயருக்கு இருந்த இடது கண்ணாடியைச் சரிசெய்து பார்க்கப் பழகினேன். உள்பக்கம் திரும்பிய கண் உள்ளவர்களுக்கு இதற்கு நேர்மாறாக, நேராக்கிய பிறகு பார்வையின் அகலம் கூடலாம்.

மூடுபனியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பனி மூடினால் பக்கத்தில் இருப்பதும் மங்கும், மங்கலாக இருப்பதைத் தூரத்தில் இருப்பதாக மூளை எடுத்துக்கொள்ளும். இது எல்லாருக்கும் நடப்பதுதான். ஆனால் நம்மைப் போல குறிப்புகளை வைத்தே ஓட்டுகிறவர்களுக்கு அந்தக் குறிப்பே பொய் சொன்னால் மாட்டிக்கொள்வோம். மேலே பனி இறங்கினால் நான் இன்னமும் வண்டியை ஓரங்கட்டி டீ குடிக்கிறேன்.

பட்டறை வேலைக்கு எப்போது போகலாம்?

நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற வேலைக்கு ஒரு வாரம், பத்து நாள். தூசி, ஆசிட் புகை, நெருப்பு அனல் இருக்கும் இடத்துக்கு நான் ஒரு மாதம் போகவில்லை. போன பிறகும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டேன். தறிக்காரர்களும் ஜவ்வரிசி ஆலைக்காரர்களும் தூசிக் கணக்கை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத் தேதி கேளுங்கள்.

உனக்கு ஆழம் வந்தது எப்படித் தெரிந்தது?

டிசம்பரில் ஆபரேஷன். ஆறு வாரத்தில் ஈ படத்தை நீட்டினார்கள். பெரிய ஈயின் படம், அதற்கென்று ஒரு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு இறக்கையைக் கிள்ளச் சொல்வார்கள். இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்தால் இறக்கை தாளைவிட்டு எழுந்து நிற்கும், விரல் காற்றில் கிள்ளும். என் விரல் தாளில்தான் போய் இடித்தது.

ஏப்ரலில் ஏற்காட்டில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன், ஒரு எஸ்டேட் ஓரம். கோடை மழை பெய்து ஒரு வாரம் கழிந்திருந்தது, காபி பூத்திருந்தது. காபிப் பூ தெரியுமில்லையா, கிளை நெடுகக் கணுக்கணுவாக வெள்ளை. வழக்கமாக எனக்கு அது பச்சைத் துணியில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி இருக்கும். அன்றைக்குக் காலையில் ஒரு கிளை மட்டும் என் பக்கம் நீட்டிக்கொண்டு வந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு கிளை, நடுவில் வெறும் இடம். அந்த வெறும் இடம்தான் எனக்குப் புதுசு. தலையை ஆட்டாமலே தெரிந்தது. ஒரு கண்ணை மூடினேன், போய்விட்டது. திறந்தேன், இரண்டு நொடி கழித்து வந்தது. 'என்னடா செடியப் போய் மொறச்சிக்கிட்டு நிக்கறே, இட்லி ஆறுது' என்று பெரியம்மா கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

மே மாதம் மறுபடி ஈ படம். இறக்கை எழுந்தது, என்னை அறியாமல் கையைப் பின்னால் இழுத்தேன். அதே புத்தகத்தில் ஒன்பது வட்ட வரிசைகள் இருக்கும், 800 வில்விநாடியில் (மிகச் சின்னக் கோண அளவு) ஆரம்பித்து 40இல் முடியும், எண் குறையக் குறையப் பார்வை நுட்பம். நான் நான்காவது வரை, அதாவது 140 வரை சொன்னேன். இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது.

பயிற்சி செய்தால் வருமா? மொபைலில் நிறைய வீடியோ இருக்கிறதே?

கண்களை உள்பக்கம் குவிக்க முடியாத குறைக்குப் பயிற்சியால் நல்ல பலன் உண்டு. பெரிய கோணத்தில் திரும்பிய கண்ணைப் பயிற்சி நேராக்காது.

எனக்குக் கொடுத்தது ஒரு நூல், அதில் மூன்று மணி. பட்டறையில் நூலுக்கும் மணிக்கும் பஞ்சமா, நானே கோர்த்துக்கொண்டேன். ஒரு முனை ஜன்னல் கம்பியில், மறு முனை மூக்கு நுனியில். நடு மணியைப் பார்த்தால் ஒரே நூல் இரண்டாகப் பிரிந்து அந்த மணியில் பெருக்கல் குறி மாதிரி வெட்டிக்கொள்ள வேண்டும். ஒரு நூல்தான் தெரிகிறது என்றால் ஒரு கண் தூங்குகிறது என்று அர்த்தம். இது டாக்டரோ ஆப்டோமெட்ரிஸ்டோ சொல்லிச் செய்ய வேண்டியது. சிலருக்கு மூளை இரண்டு படத்தையும் சேர்க்கவே சேர்க்காது. அவர்கள் தாங்களாகவே பயிற்சி செய்து மூளையின் அமுக்கலை விலக்கிவிட்டால் தீராத இரட்டைப் பார்வை வந்து மாட்டிக்கொள்வார்கள்.

குழந்தைக்குக் கண் விலகுகிறது. மாறுகண் அதிர்ஷ்டம், விட்டுவிடு என்கிறார் பாட்டி.

அதிர்ஷ்டத்தைப் பாட்டியே வைத்துக்கொள்ளட்டும். பிறந்த முதல் சில மாதம் கண் அவ்வப்போது அலைவது சகஜம். நான்கு மாதத்துக்கு மேலும் விலகினால் காட்ட வேண்டும். மூக்குத் தண்டு அகலமாக இருப்பதால் மாறுகண் போலத் தோன்றும் குழந்தைகளும் உண்டு, அதையும் டாக்டரே சொல்லட்டும். கண்மணி போட்டோவில் வெள்ளையாகத் தெரிந்தால் மட்டும் ஒரு நாளும் தள்ளாதீர்கள், அது கண்ணுக்குள் கட்டியாகவும் இருக்கலாம்.

தூரப்பார்வைக் குறையால் உள்ளே திரும்பும் கண் பல குழந்தைகளுக்குக் கண்ணாடியிலேயே நேராகிவிடும், கத்தியே தேவையில்லை. பிறந்த சில மாதத்திலேயே உள்ளே திரும்பிய கண்ணுக்கு இரண்டு வயதுக்குள் ஆபரேஷன் செய்தால் ஆழம் கொஞ்சமாவது கிடைக்க வாய்ப்பு கூடும். சோம்பேறிக் கண், அதாவது மூளை ஒதுக்கியதால் பார்வை குறைந்த கண், இருந்தால் பெரும்பாலும் முதலில் நல்ல கண்ணை மூடிச் சோம்பேறிக் கண்ணுக்கு வேலை கொடுப்பார்கள். மூடச் சொன்ன நேரத்தை மூடுங்கள், அழுகிறது என்று பிய்த்துப் போடாதீர்கள். நடுத்தரக் குறைக்குத் தினமும் 2 மணி நேரம் மூடுவதும் 6 மணி நேரம் மூடுவதும் ஏறக்குறைய ஒரே பலன் தருவதாக 2003இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது, அதனால் எத்தனை மணி நேரம் என்று டாக்டரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

அப்பாவுக்குச் சர்க்கரை. திடீரென்று கண் திரும்பி இரட்டையாகத் தெரிகிறது.

உடனே காட்டுங்கள். சர்க்கரையால் கண் நரம்பு செயலிழந்து இப்படி வரலாம், அப்படியென்றால் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதத்தில் தானே சரியாகும், அதுவரை கத்தி எடுக்க மாட்டார்கள். வேறு பெரிய காரணமும் இருக்கலாம். தலைவலி, இமை தொங்கல், பேச்சுக் குழறல் சேர்ந்தால் கண் டாக்டரைத் தேடாமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மறுபடி விலகுமா?

விலகலாம், சிலருக்கு இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படும். எனக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல், நாள் முழுக்கக் கொறடு பிடித்திருந்தால், இடது கண் லேசாகப் போகும். மனைவி முகத்துக்கு நேராக விரலைச் சொடுக்குவாள், திரும்பி வந்துவிடும். போன செக்கப்பில் அளந்தார்கள், 8 பிரிசம் (கண் எவ்வளவு விலகுகிறது என்று அளக்கும் அலகு). பத்துக்குள் இருந்தால் நல்லது என்று வைத்துக்கொள்வார்களாம். அடுத்த தேதி ஒரு வருடம் கழித்து.